மூன்று சக்கரம் ஏன் ஆடுவதில்லை?

திருச்சி கே.கே. நகர் உள்தெருக்களில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். குழாய்க்குத் தோண்டி மூடிய மேடு, வேகத்தடை, ஓரத்து ஜல்லி. நான்கு சக்கர வண்டியில் ஏதோ ஒன்று அடிக்கடி அந்தரத்தில் நிற்கும். மூன்று சக்கரம் அப்படி ஆடாது. ஏன்?

மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவதுக்கு அந்த உறுதி கிடையாது. அடுப்புக்கு மூன்று கல் வைப்பதும் இதனால்தான். காவிரிக்கரைக்கு இது பழைய சங்கதி: காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையிலேயே சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. நம் மர நடைவண்டிக்கும் மூன்றுதான்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. வண்டியும் குழந்தையும் சேர்ந்த எடையின் மையம், சக்கரங்கள் அமைக்கும் முக்கோணத்துக்குள் இருக்கும்வரைதான் வண்டி கவிழாது. முன்பக்கம் முக்கோணம் குறுகுவதால், வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் சாயும். ஆகவே பின்சக்கரங்கள் அகன்று, இருக்கை தாழ்ந்த வண்டியாகப் பாருங்கள். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டவே மாட்டாதீர்கள். எடை பின்சக்கரத்தைத் தாண்டிப் போனால் குழந்தையோடு மல்லாந்துவிடும்.

முன்சக்கரத்தின் அளவு மிக முக்கியம். 2 அங்குல உயரக் கல், 4 அங்குல விட்டமுள்ள சக்கரத்தின் அச்சு உயரத்துக்கு நிற்கும். நேராக எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. 12 அங்குலச் சக்கரம் அதே கல்லின் மேல் உருண்டு ஏறிவிடும்.

கழுத்து நிற்காத பிள்ளை என்றால், முழுதாகச் சாயும் இருக்கை இல்லாத வண்டியை வாங்க வேண்டாம்.