சூடு தாங்குமா இந்தச் சில்லு?
வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் மட்டும் போதாது. விரிசல் விடாமல் உழைக்கவும் வேண்டும்

பிள்ளையார் லட்டு ஏலத்துக்குப் பேர்போன இடம் ஹைதராபாத்தின் பாலாப்பூர். பொடி உலோகவியலுக்கும் புதிய பொருள்களுக்குமான மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் (ஏ.ஆர்.சி.ஐ.) இருப்பதும் இங்கேதான். சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் உள்ள அதன் பிரிவு ஒன்று, வாகனப் புகையோடு வீணாகும் வெப்பத்தை மின்சாரமாக்கும் பொருள்களை ஆராய்கிறது.

லாபம் சாதாரணமானதல்ல. பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. வெப்பமின் பொருளின் ஒரு முனை சுட்டு, மறுமுனை குளிர்ந்திருந்தால் மின்சாரம் பிறக்கும். 1821-ல் சீபெக் கண்ட விளைவு இது. சுழலும் பாகம் எதுவும் தேவையில்லை.

பிறகு ஏன் எல்லா வண்டியிலும் இது இல்லை? விலையும் குறைந்த திறனும் முக்கியக் காரணங்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், சில்லு உடைந்துவிடும் என்பது.

சில மில்லிமீட்டர் நீளச் சில்லின் ஒரு முனை 500 டிகிரியில் விரியத் துடிக்கிறது. மறுமுனை மறுக்கிறது. இந்த இழுபறியில் எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்பதை, பொருள் எவ்வளவு விரிகிறது, எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்ற இரண்டும் தீர்மானிக்கின்றன. விறைப்பின் அளவே மீட்சிக் குணகம். எஃகுக்கு இது சுமார் 200 ஜிகாபாஸ்கல். கோபால்ட்டும் ஆன்டிமனியும் சேர்ந்த ஸ்கட்டெருடைட்டுக்கு 130-140. ஈய டெல்லுரைடுக்கு அதில் பாதிகூட இல்லை. ஆனால் அது கூடுதலாக விரியும்.

இந்த எண்களும் நிலையானவை அல்ல. சூடு ஏற ஏற அணுக்களின் பிணைப்பு தளர்ந்து விறைப்பு குறைகிறது. ஒரே சில்லில் சூடான முனை இளகலாகவும், குளிர்ந்த முனை விறைப்பாகவும் இருக்கும். அறை வெப்பநிலைக் கணக்கை மட்டும் நம்பிச் சாதனம் செய்தால் ஏமாற்றம்தான். ஜெர்மானியம் டெல்லுரைடு இன்னும் மோசம். சுமார் 430 டிகிரியில் அதன் படிக அமைப்பே மாறிவிடும்.

எப்படி அளப்பது? பொருளுக்குள் கேளா ஒலியைச் செலுத்தி, அதன் வேகத்தைக் கொண்டு மீட்சிக் குணகத்தைக் கணக்கிடலாம். இந்த வித்தை இந்தியாவுக்குப் புதிதல்ல. ராமனின் மாணவரும் ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில் படித்தவருமான சூரி பகவந்தம், 1940-களில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் படிகங்களை இப்படித்தான் அளந்தார். 1950-களில் உஸ்மானியா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். ஒலிக்கு இன்னொரு பயனும் உண்டு. பலமுறை சூடாக்கி ஆறவைத்த சில்லில் வேகம் குறைந்தால், உள்ளே நுண்விரிசல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களுக்குப் பல பத்தாண்டுகளாக மின்சாரம் தருவது வெப்பமின் பொருள்களே. ஆனால் அங்கே வெப்பம் மெல்ல மெல்லத்தான் குறைகிறது. ஹைதராபாத் போக்குவரத்தில் சிக்கிய வண்டியோ நாள் முழுக்கச் சூடாகி ஆறுகிறது. விண்வெளியில் தேறிய பொருளுக்கு நிஜமான பரீட்சை தெருவில்தான்.