இணையத்தில் எடுத்த ஒலியைப் பாட்டில் சேர்க்கலாமா?

பேச்சிப்பாறை அணைக்கு மேலே மலையில் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்களுடைய சாற்றுப்பாட்டில் கொக்கரை என்ற இரும்புக் கருவி கரகரவென்று ஒலிக்கும். யாரோ அதைப் பதிவுசெய்து, ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ (சிசி) உரிமம் போட்டு இணையத்தில் ஏற்றியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு விநாடியை வெட்டி உங்கள் பாட்டில் சேர்க்கலாமா?

எந்த உரிமம் என்பதைப் பொறுத்தது. ‘சிசி ஜீரோ’ என்றால் நிபந்தனை கிடையாது. ‘பிஒய்’ என்றால் பதிவுசெய்தவர் பெயரையும் உரிமத்தையும் சொல்ல வேண்டும். ‘என்சி’ இருந்தால் வணிகத்துக்கு ஆகாது. ‘என்டி’ என்றால் தொடவே வேண்டாம். வெட்டிச் சேர்த்ததை வெளியிட அது விடாது. ‘எஸ்ஏ’தான் வம்பு. நான்கு விநாடிக்காக முழுப் பாட்டையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். எந்த ஆடியோ கம்பெனி சம்மதிக்கும்? பார்சிலோனாவில் 2005-இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் கோப்புக்குக் கோப்பு உரிமம் மாறும். எடுத்த அன்றே உரிமப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏற்றியவர் பிறகு மனம் மாறினாலும் உங்களுக்குக் கிடைத்த அனுமதி போகாது, ஆனால் கையில் ஆதாரம் வேண்டுமே.

சில விநாடிதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்பார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் விநாடிக் கணக்கு எதுவும் இல்லை.

பலரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு. உரிமம் கொடுப்பவர் தன்னிடம் இருப்பதைத்தான் கொடுக்க முடியும். பாடகி எம்.ஐ.ஏ. 2007-இல் ஒரு பாட்டில் ‘தளபதி’ படப் பாடலின் துண்டைச் சேர்த்திருந்தார். அதே துண்டை ஒரு ரசிகர் வெட்டி ‘சிசி’ முத்திரையோடு ஏற்றினால் அந்த முத்திரைக்கு மதிப்பே இல்லை.

கொக்கரைப் பதிவிலும் இதே கேள்வி வரும். பாட்டு பழையது, இயற்றியவர் யாரென்று தெரியாது. ஆனால் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் நிகழ்த்துநர் உரிமை உண்டு, 50 ஆண்டுகளுக்கு. (அந்த நிகழ்த்துநர் பட்டியலில் பாம்பாட்டியும் இருக்கிறார்!) மைக் பிடித்தவர் அவர்களைக் கேட்காமல் ஏற்றியிருந்தால் உரிமம் பாதிதான்.

சமூகம் முழுவதற்குமான உரிமை வேறு சங்கதி. கேரளக் காணிக்காரர் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ மருந்து வந்தபோது, உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பாட்டுக்கு அப்படி ஓர் ஏற்பாட்டைப் பதிப்புரிமைச் சட்டம் செய்யவில்லை. ஆகவே பதிவை ஏற்றியவருக்கு எழுதி, பாடியவர்களின் சம்மதம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு ஒலி தேடுங்கள்.