நிதி திரட்டும் நாளில் நமது சாப்பாட்டுக் கடை



பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டும் என்றதும் நம் மக்களுக்கு முதலில் தோன்றுகிற யோசனை, "ஓர் உணவுச் சந்தை வைப்போமே" என்பதுதான். நமது தமிழ்ப் பள்ளிகளில் பல, பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்துவிடுகிறது. ஆனால் பள்ளி நிற்கும் நிலம் அரசாங்க நிலமாக இல்லாததால், கூரை ஒழுகினாலும் கழிப்பறை உடைந்தாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமுமே பலமுறை பணத்துக்கு வழி தேட வேண்டியிருக்கிறது.

சமையல் நமக்குப் புதிதா? கோயில் திருவிழாவில் ஐந்நூறு பேருக்குப் பொங்கிப் போட்ட கைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அந்தத் தைரியத்திலேதான் கடையையும் போடுகிறோம். ஆனால் அன்னதானத்துக்கும் நிதிக்கடைக்கும் இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. அன்னதானச் சோறு அடுப்பிலிருந்து இறங்கியதும் இலைக்குப் போகிறது. கடைச் சோறோ விடியற்காலையில் பொட்டலமாகி, நண்பகல் வரை மேசையில் காத்திருக்கிறது. இது முதலாவது. அன்னதானத்தில் கணக்குக் கேட்பார் இல்லை. கடையில் விழும் ஒவ்வொரு காசும் பிள்ளைகளின் காசு. இது இரண்டாவது. கடையில் நிற்கும் தொண்டர்கள் இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே வேலை செய்ய வேண்டும்.

முதலில் சோற்றைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாக் கடைகளிலும் முதலில் தீர்ந்து போவது நாசி லெமாக்தான். அதிகக் கவனம் வேண்டியதும் அதற்குத்தான். லாலான் புல்லைக் கொளுத்தினாலும் மண்ணுக்குள் கிடக்கும் வேர் சாகாமல் மறுபடி முளைப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அரிசியிலும் அப்படி ஒரு கிருமி உண்டு. பேசிலஸ் சீரியஸ் என்று அதற்குப் பெயர். அது கெட்டியான ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கிக் கிடக்கும். சோறு கொதிக்கும்போதும் அந்த வித்து சாவதில்லை. சோறு ஆறி, வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. சூடான சோற்றை இலையில் இறுக்கி மடித்து, கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோமே, அந்தக் கூடையின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடைக்காது.

"மறுபடி சூடு காட்டினால் போயிற்று" என்று சிலர் சொல்வார்கள். போகாது. அந்த நஞ்சு கொதியிலும் அழிவதில்லை. தின்றவருக்குச் சில மணி நேரத்திலேயே வாந்தி எடுக்கும். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று நமது சுகாதார அமைச்சு சொல்வது இதனால்தான்.

ஆகவே முந்நூறு பொட்டலத்துக்கும் விடியற்காலை மூன்று மணிக்கே ஒரே அண்டாவில் சோறு வடிக்க வேண்டாம். பாதியை ஐந்தரை மணிக்கும், மீதியை ஒன்பது மணிக்கும் இறக்குங்கள். ஒவ்வொரு கூடையிலும் சோறு இறக்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். நேரம் கடந்த கூடையை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். "ஐயோ, இத்தனை சோறா?" என்று மனம் அடித்துக்கொள்ளும். ஐம்பது பொட்டலம் வீணானால் நட்டம் ஒரு நாளோடு போகும். ஐம்பது பிள்ளைகள் மருத்துவமனை வாசலில் நின்றால், அந்தப் பள்ளியின் பெயரில் இன்னொரு சந்தை வைக்கப் பல ஆண்டுகள் ஆகும். தேங்காய்ச் சட்னியையும் மொத்தமாக அரைக்காமல் அவ்வப்போது அரைத்துக்கொள்வது நல்லது. குழம்பு அடுப்பிலேயே கொதிசூட்டில் இருக்கட்டும். அறுபது பாகைக்கு மேல் சூடாக இருக்கும் உணவில் கிருமி பெருகாது.

அடுத்து, கைகளைக் கவனியுங்கள். நம் கைகள் உளி பிடித்த கைகள், செம்பனை முள் குத்திய கைகள். சீழ் பிடித்த சிறு காயத்தில் இருக்கும் கிருமியும் உணவில் ஏறினால் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சுக்கும் கொதிநீர் பொருட்டில்லை. கையில் காயம் உள்ளவர் சோறு மடிக்க வேண்டாம். அவரைக் கூப்பன் விற்கும் மேசையில் உட்கார வையுங்கள். அங்கும் ஆள் தேவைதான். உணவு விற்போர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதி. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை அம்மாவுக்கு இவை இரண்டும் இருக்கும். அன்றைக்கு அடுப்படிக்கு அவரையே தலைவியாக்கிவிடலாம்.

இனி காசு. உணவு எடுத்துக் கொடுக்கும் கை காசைத் தொடக்கூடாது. இதற்கு நல்ல வழி கூப்பன். சம்பளம் போட்ட வாரத்திலேயே கூப்பன் புத்தகங்களை விற்றுவிட்டால் எவ்வளவு சமைக்கலாம் என்று முன்கூட்டியே ஒரு மதிப்பீடு கிடைக்கும். கூப்பனுக்கு வரிசை எண் இருக்கட்டும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை யார் வாங்கிப் போனார் என்பதைக் கையெழுத்தோடு எழுதி வையுங்கள். விற்காதது திரும்பி வர வேண்டும். கடையில் கூப்பனை வாங்கியதும் ஒரு மூலையைக் கிழித்துவிட்டு, துளையிட்ட டின்னில் போடுங்கள். மாலையில் இரண்டு பேராக அமர்ந்து எண்ணுங்கள். ஒருவர் எவ்வளவு நல்லவரானாலும் தனியாக எண்ண விடாதீர்கள். அவருடைய நல்ல பெயருக்கும் அதுவே காவல்.

கணக்கைப் பாருங்கள். முந்நூறு பொட்டலம், ஒன்று மூன்று வெள்ளி என்றால் 900 வெள்ளி. "தொள்ளாயிரம் சேர்த்துவிட்டோம்" என்று மேடையில் அறிவிப்பார்கள். கடைச் சாமானுக்கு 420 வெள்ளி போயிருந்தால் பள்ளிக்குக் கிடைத்தது 480 வெள்ளிதான். ஒரு வீட்டார் தேங்காயும், கடைக்காரர் ஒருவர் அரிசியும் இலவசமாகக் கொடுத்திருந்தால் அவற்றின் விலையையும் நன்கொடையாகக் குறித்து வையுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டுச் செயலவை, முந்நூறு பொட்டலத்துக்கு இருநூறு வெள்ளி போதும் என்று எண்ணி ஏமாந்து போகும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சில பெரிய மனிதர்கள் கடை கடையாக வந்து, "ருசி பார்க்கிறேன்" என்று சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கேட்கத் தொண்டர்களுக்குக் கூச்சம். விருந்தினருக்கு இத்தனை கூப்பன், தொண்டருக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக்கு இத்தனை கூப்பன் என்று சங்கமே முன்னதாக ஒதுக்கிக் கணக்கில் எழுதிவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை. தலைவரும் கூப்பன் கொடுத்தே வாங்கட்டும்.

1950-களில் 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கினார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ஆளுக்கு ஒரு வெள்ளிதான் கேட்டார். தொழிலாளர்கள் கொடுத்தார்கள். ஒரு வெள்ளியின் கனம் அன்றைய தொழிலாளிக்குத் தெரியும். மூன்று வெள்ளிக்குப் பொட்டலம் வாங்குகிறவருக்கு இன்றும் தெரியும். ஆகவே ஒரு வாரத்துக்குள் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் கோயில் வாசலிலும் ஒட்டிவிடுங்கள். அந்த மிச்சத்தில் கூரைக்கு எத்தனை தகடு வாங்கினோம் என்பதைப் பின்னர் அதன் கீழேயே எழுதலாம்.

கடைசியாகப் பாத்திரங்கள். பத்து வீட்டு அண்டாவும் கரண்டியும் ஒரே இடத்தில் சேரும்போது மாறிப்போவது இயல்பு. கொண்டுவரும்போதே காதில் வெவ்வேறு நிற நூல் கட்டி, எந்த நிறம் எந்த வீடு என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் கழுவித் துடைத்து அந்தந்த வீட்டில் சேர்த்துவிடுங்கள்.