ஒப்புதல் அளிக்குமுன் படியுங்கள்

மருந்து உட்கொள்ளும் வேளையை நினைவூட்டுமாறு கைபேசியின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைப் பலர் பணிக்கின்றனர். அது தன் திட்டத்தைக் காட்டி ஒப்புதல் கேட்கும்போது, படிக்காமல் ‘சரி’ என அழுத்திவிடுவதே எனக்குக் கவலை தருகிறது.

முடக்குவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். உதவியாளரோ, ‘தினமும் காலை 8 மணிக்கு நினைவூட்டல், 30 மாத்திரைகள் வாங்கப்படும்’ என்று காட்டுகிறது. வாங்குமாறு நீங்கள் கேட்கவே இல்லை. ‘தினமும்’ என்பதோ உயிருக்கே ஆபத்தானது: நாள்தோறும் உட்கொண்டால் வாய்ப்புண் தோன்றும், இரத்த அணுக்கள் குறையும்.

மருந்துச் சீட்டை அருகில் வைத்துக் கிழமையையும் அளவையும் ஒப்பிடுங்கள். ஐயமிருப்பின் ஒப்புதலை மறுத்து, எங்கள் மருந்தகத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே நாள்தோறும் உட்கொண்டிருந்தால், அறிகுறி இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.