ஓசை எப்பொழுது எழுகிறது?

கிளட்சு மிதி இன்றித் தானே கியர் மாற்றிக்கொள்ளும் அமெரிக்க வண்டிகளில் பெயர் பெற்றது, ஜெனரல் மோட்டார்ஸ் 1964-இல் கார்களுக்காகக் கொண்டுவந்து, பின்னர் லாரிகளிலும் பொருத்திய 'டர்போ ஹைட்ராமாட்டிக் 400'. மூன்று கியர் கொண்ட இப்பெட்டியைப் பழுது பார்த்து மாட்டியபின் புதிய ஓசை எழுந்தால், உடனே பிரிப்பது வீண்செலவு. ஓசை எழும் வேளையே அதன் இடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

வண்டி நிற்கையிலேயே, இன்ஜின் வேகத்தோடு ஏறியிறங்கும் கீச்சொலியா? பழி எண்ணெய்ப் பம்பின் மீது விழும். ஆனால் எண்ணெய் குறைந்திருக்கலாம். அல்லது வடிகட்டிக் குழாயின் ரப்பர் வளையம் சரியாக அமராமல் காற்றும் சேர்ந்து உறிஞ்சப்படலாம். அப்படியானால் அளவுக்கோலில் நுரை தெரியும். அளவை, எண்ணெய் சூடேறியபின், இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டால் மேலிருக்கும் எண்ணெய் அடித்தட்டுக்கு வடிந்து, குறைவையும் நிறைவாகக் காட்டிவிடும்!

'டக் டக்' என்ற தட்டலா? கிளட்சுக்குப் பதிலாக நிற்கும் டார்க் கன்வெர்ட்டரை இன்ஜினோடு பிணைக்கும் தகட்டில் விரிசலோ, போல்ட் தளர்ச்சியோ இருக்கலாம். கன்வெர்ட்டர் பம்பினுள் முழுதும் அமருமுன் போல்ட்டுகளை முடுக்கினாலோ பம்பே நொறுங்கும். எண்ணெய் அழுத்தம் போனால் வண்டி நகராது.

முதலிரு கியர்களில் உறுமி, மூன்றாவதில் அடங்கும் ஓசை வேறு வகை. சூரியனைச் சுற்றும் கோள்கள்போல் அமைந்த பற்சக்கரங்கள் மூன்றாவது கியரில் ஒரே கட்டியாகச் சுழல்வதால், பற்கள் ஒன்றோடொன்று உருளுவதில்லை. அடித்தட்டில் இரும்புத் துகளும் கிடந்தால், பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும்.