விண்கப்பலின் தலைவி யார்?



மாலையில் வேலை முடிந்து குடும்பத்தோடு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்காரும்போது, பிள்ளைகள் விண்வெளிக் கதை கேட்டு அடம்பிடிப்பது பல வீடுகளில் வழக்கம். விண்கப்பல், வேற்றுலகம், பேசும் இயந்திரம் என்று ஓடும் இந்தக் கதைகளை அறிவியல் புனைகதை என்கிறோம். இன்னும் நடக்காததை, ஆனால் அறிவு வளர்ந்தால் நடக்கக்கூடும் என்று எண்ணத்தக்கதைக் கதையாக்குவது இதன் வேலை. பெரியவர்கள் "எல்லாம் பொய்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். போகுமுன் ஒன்றை மட்டும் கவனிக்கலாம். அந்தக் கப்பலில் உத்தரவு போடுகிறவர் யார்?

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர்களில் பெண்கள் எத்தனை பேர்! பால் வெட்டி, மங்கு துடைத்து, வாளி சுமந்து, வீடு திரும்பி அடுப்பையும் மூட்டியவர்கள் அவர்கள். ஆனால் கங்காணி, கிராணி, துரை என்று மேலே போகப் போகப் பெண்ணைக் காண்பது அரிதாகிவிடும். களத்தில் நின்ற தலைகளை எண்ணினால் ஆணும் பெண்ணும் சமம்போலத்தான் தோன்றும். பெயர் கூப்பிடும் புத்தகம் யார் கையில் இருந்தது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். தொலைக்காட்சிக் கதையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஜீன் ரோடன்பெரி என்பவர் 'ஸ்டார் டிரெக்' என்னும் தொடரை உருவாக்கினார். அதற்காக முதலில் எடுத்த வெள்ளோட்டப் படத்தில், கப்பல் தலைவருக்கு அடுத்த பதவியில் ஒரு பெண்ணை வைத்திருந்தார். நடித்தவர் மேஜல் பாரெட். தொலைக்காட்சி நிறுவனம் அந்தப் படத்தை ஏற்காமல் வேறொன்று எடுத்துவரச் சொன்னது. இரண்டாவது படத்தில் அந்தப் பாத்திரமே இல்லை. 1966-இல் தொடர் வெளிவந்தபோது மேஜல் பாரெட்டும் கப்பலில் இருந்தார், தாதியாக! துணைத் தலைவி தாதியான இந்தக் கதை, திரையில் வந்த பல கதைகளைவிடச் சுவையானது என்பது என் எண்ணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1963-இல், சோவியத் ஒன்றியத்தின் வாலென்டினா தெரெஷ்கோவா உண்மையாகவே விண்வெளியைச் சுற்றி வந்துவிட்டார். இளவயதில் அவர் ஒரு நெசவு ஆலைத் தொழிலாளி. அதாவது, எதிர்காலத்தைக் காட்டுகிறோம் என்று சொன்னவர்களின் கற்பனை, நடந்து முடிந்த உண்மைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

அதே தொடரில் உஹுரா என்னும் அதிகாரியாக நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. செய்தித் தொடர்பு அவர் பொறுப்பு. சொல்ல வேண்டிய வசனமோ சிலவே. முதலாண்டு முடிவில் விலகிவிட நினைத்தார். அப்போது அவரைச் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், விலகக் கூடாது என்று கேட்டுக்கொண்டதாக அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கறுப்பினப் பிள்ளைகள் தங்களில் ஒருவரை மதிப்புள்ள வேலையில் பார்க்கிறார்கள் என்பதே காரணம். அவர் தங்கினார். 1977-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்ணப்பிக்கச் செய்யும் பணிக்கு அவரையே அழைத்தது. மறு ஆண்டு தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள். அவர்களில் ஒருவரான சாலி ரைட் 1983-இல் விண்வெளிக்குச் சென்றார். கதையில் கிடைத்த சிறிய நாற்காலி எவ்வளவு தூரம் வேலை செய்தது, பாருங்கள்.

ஆனாலும் தலைவர் நாற்காலி எளிதில் கிடைக்கவில்லை. 1969-இல் வந்த அத்தொடரின் கடைசிக் கதையில், கப்பல் தலைமைக்குப் பெண்களுக்கு இடமில்லை என்ற பொருளில் ஒரு பாத்திரமே பேசுகிறது. அந்த வரிசையில் ஒரு பெண் தலைவி நாயகியாக இருந்த முதல் தொடர் 1995-இல்தான் வந்தது. பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடர் இன்னும் தாமதம். 1963-இல் அதை முதன்முதலில் தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் பெண்மணி. ஆனால் அதன் நாயக வேடம் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 2017-இல்.

அதே 2017-இல் நம் ஊரும் இந்தக் கதைக்குள் வந்தது. குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அருகே விரிந்து கிடக்கும் ஈப்போ நகரில் 1962-இல் பிறந்தவர் மிஷெல் இயோ. 'ஸ்டார் டிரெக்' வரிசையின் புதிய தொடரில் அவர் ஷென்ஷோ என்னும் விண்கப்பலின் தலைவியாக நடித்தார். கதைப்படி அந்தத் தலைவிக்குச் சொந்த ஊர் லங்காவித் தீவு. தொடரின் நாயகியோ அவர் கையில் பயின்ற கறுப்பினப் பெண் அதிகாரி. உத்தரவு போடுகிறவரும் பெண், அதை எதிர்த்து வாதாடுகிறவரும் பெண். இரண்டாம் பகுதியிலேயே தலைவியைக் கொன்றுவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம்தான். பின்னர் அதே நடிகை வேறோர் உலகத்தின் பேரரசியாக வந்து சேர்ந்தார்.

தமிழில் இப்படி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. எழுத்தாளர் சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' பின்னர் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. அதன் நாயகி நிலா. பிள்ளை பெறுவதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டியிருக்கும் எதிர்கால நாடு அது. நிலாவின் கணவன் காணாமற்போகிறான். தேடிப் புறப்படுகிறாள். அவளுக்குத் துணை ஜீனோ என்னும் இயந்திர நாய். பேசும், படிக்கும், சிந்திக்கும். பிள்ளைகளிடம் கேட்டால் நாயின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள்!

நிலா நடுநாயகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இக்கட்டான நேரத்தில் வழி கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஜீனோவின் மூளை. அடுத்த பாகமான 'மீண்டும் ஜீனோ'வில் நிலா நாட்டுக்கே அரசி. ஆட்சியை நடத்துவதோ அவளுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு ஆண்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அதிகாரத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்வது எப்படி நடக்கிறது என்பதைச் சுஜாதா தெரிந்தேதான் காட்டியிருக்கிறார். மாதர் பகுதித் தலைவி என்று பெயர் போட்டுவிட்டு, கூட்டத்தில் அவரைப் பேசவிடாத சங்கங்களை நாமும் பார்த்ததில்லையா?

ஆகவே ஒரு தொடரில் எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று எண்ணுவது பாதி வேலைதான். இயந்திரம் பழுதானால் அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது யார், ஆபத்தில் முடிவெடுப்பது யார், முடிவு தவறானால் பொறுப்பேற்பது யார் என்று பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் நம்மைவிடக் கூர்மையாகப் பதில் சொல்வார்கள்.

திரையை விட்டு இறங்கி ஓர் உண்மைச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். மலேசியா தன் முதல் விண்வெளி வீரரைத் தேடியபோது 11,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். உடற்சோதனை, அறிவுச்சோதனை, மனத்திடச் சோதனை என்று சலித்துச் சலித்து 2006-இல் நான்கே பேர் எஞ்சினார்கள். அவர்களில் ஒரே பெண், வனஜா சிவசுப்பிரமணியம் என்னும் தமிழ்ப் பொறியியலாளர். இறுதியில் பயிற்சிக்குத் தேர்வான இருவரும் ஆண்கள். அவர்களில் ஷேக் முஸாபார் 2007 அக்டோபர் 10-ஆம் நாள் ரஷ்யக் கலத்தில் ஏறிச் சென்றார். அந்தச் சோதனைகளில் என்னென்ன செய்யச் சொல்கிறார்கள், மனித உடல் அதை எப்படித் தாங்குகிறது என்பதை அடுத்த உரையில் பார்ப்போம்.