விடுமுறைக்குச் சேர்த்த பணம்

வீட்டின் வரவு செலவுக் கணக்கில் உணவு, உடை, வாடகை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. இவற்றை எவரும் மறப்பதில்லை. ஆனால் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாகச் சென்று சில நாள் மகிழ்ந்து வருவதற்கு ஆகும் செலவுக்கு அக்கணக்கில் இடம் தருவோர் சிலரே. "மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் எண்ணுகின்றனர். மாத இறுதியில் எதுவும் மிஞ்சுவதில்லை. பின்னர்ப் பிள்ளைகளின் ஏக்கத்தைக் கண்டு கடன் வாங்கிச் செல்கின்றனர். அல்லது செல்லாமலே விட்டுவிடுகின்றனர். கடன் வாங்கிச் சென்றவரின் மகிழ்ச்சி மூன்று நாளில் முடிகிறது. கடனோ முந்நூறு நாள் தொடர்கிறது.

இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதனைப் பல தலைமுறைகளாகக் கையாண்டு காட்டியவர்கள், இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியாகிய லங்காஷயரில் வாழ்ந்த பருத்தியாலைத் தொழிலாளர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓல்டாம், ராச்டேல், போல்ட்டன், பர்ன்லி, பிளாக்பர்ன் முதலிய லங்காஷயர் ஊர்கள் நூற்பாலைகளாலும் நெசவாலைகளாலும் நிறைந்திருந்தன. அவ்வாலைகளின் துணி கப்பல் கப்பலாக நம் நாட்டுக்கு வந்து இறங்கியது. அதனால் நம் நெசவாளர் பலர் தொழில் இழந்து நலிந்தனர். ஆயினும், அத்துணியை நெய்த தொழிலாளரும் செல்வத்தில் திளைத்தவர் அல்லர். இயந்திரங்களின் பேரிரைச்சலிலும் பஞ்சுத் தூசியிலும் ஆடவரும் பெண்டிரும் நாள் முழுதும் உழைத்தனர். சிறுவர்களும் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் ஆலையிலும் கழித்தனர். 1918ஆம் ஆண்டின் கல்விச் சட்டமே அம்முறைக்கு முடிவு கட்டியது.

இத்தகைய வாழ்க்கையில் ஆண்டுக்கு ஒரு முறை வந்த ஓய்வுக்காலம் 'வேக்ஸ் வாரம்' எனப்பட்டது. பழங்காலத்தில் தேவாலயத் திருநாளுக்கு முந்திய இரவில் மக்கள் கண்விழித்து வழிபட்டனர். கண்விழித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அத்திருவிழாவுக்கு அப்பெயர் ஏற்பட்டது. ஆலைகள் பெருகிய பின்னர் அத்திருவிழாக் காலமே ஆலை விடுமுறையாக மாறியது. அந்நாள்களில் கொதிகலன்களையும் இயந்திரங்களையும் பழுது பார்த்தனர். புகைபோக்கிகள் ஓய்ந்தன. ஆண்டு முழுதும் புகையால் மறைந்திருந்த குன்றுகள் அவ்வாரத்தில் கண்ணுக்குத் தெரிந்தன. ஒவ்வோர் ஊருக்கும் வெவ்வேறு வாரம் விடுமுறையாக அமைந்தது.

ஆனால் அவ்வாரத்திற்கு ஊதியம் இல்லை. விடுமுறை வாரம் என்பது தொழிலாளர்க்கு வருவாய் அற்ற வாரமே. வருவாய் நின்ற வாரத்தில்தான் வழக்கத்தினும் மிகுதியான செலவும் நேரும். இந்த இடர்ப்பாட்டை அவர்கள் எவ்வாறு கடந்தனர் என்பதே அறியத்தக்கது.

அவர்கள் செல்ல விரும்பிய இடம் பிளாக்பூல் என்னும் கடற்கரை நகரம். 1846ஆம் ஆண்டில் அந்நகருக்கு இருப்புப்பாதை வந்தது. அதன் பின்னர், குறைந்த கட்டணத்தில் சிறப்பு ரயில்கள் ஆலை ஊர்களிலிருந்து மக்களை ஏற்றிச் சென்றன. 1863ஆம் ஆண்டில் கடலுக்குள் நீண்ட வடக்கு மேடைப்பாலம் திறக்கப்பட்டது. 1894ஆம் ஆண்டில் 518 அடி உயரமுள்ள இரும்புக் கோபுரம் எழுந்தது. 1896ஆம் ஆண்டில் 'பிளெஷர் பீச்' என்னும் கேளிக்கைப் பூங்கா தோன்றியது. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிம் என்பவர் அமைத்த பறக்கும் ஊஞ்சல் 1904ஆம் ஆண்டில் அங்கே சுழலத் தொடங்கியது. தறிக்கு முன் நின்று களைத்தவர்கள் அதில் ஏறி, சிறிது நேரம் வானில் மிதந்தனர்.

இம்மகிழ்ச்சிக்கான பணம் வீட்டு நிருவாகத்திலிருந்து பிறந்தது. லங்காஷயர்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு நல்வழக்கம் இருந்தது. வார இறுதியில் ஊதியம் பெற்ற பிள்ளைகள் அதனைப் பிரிக்காமல் தாயிடம் கொடுத்தனர். கணவர்களுள் பலரும் அவ்வாறே செய்தனர். தாய் அவரவர் கைச்செலவுக்குச் சிறு தொகையைத் திருப்பித் தந்தாள். எஞ்சியதை வாடகை, நிலக்கரி, மளிகை, மருத்துவம் எனப் பகுத்து வைத்தாள். வீட்டின் முழு வருவாயும் ஒருவர் பார்வையில் இருந்தமையால், எது இன்றியமையாதது, எது தள்ளிவைக்கத்தக்கது என்பது தெளிவாகத் தெரிந்தது.

அப்பகுப்பில் விடுமுறைக்கும் ஒரு பங்கு இருந்தது. அதனைச் சேர்ப்பதற்கென்றே ஆலைகளிலும் தேவாலயங்களிலும் தெருக்களிலும் சங்கங்கள் அமைந்தன. அவற்றை மக்கள் 'கோயிங் ஆஃப் கிளப்' என்று அழைத்தனர். 'புறப்பாட்டுச் சங்கம்' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். உறுப்பினர் வாரந்தோறும் சிறு தொகை கட்டினர். விடுமுறை தொடங்கும் தறுவாயில் அவரவர் சேர்த்த பணம் ஒருங்கே திரும்பக் கிடைத்தது. இடையில் வீட்டுப் பெட்டியில் கிடந்திருந்தால் ஏதேனும் ஒரு செலவு அதனை விழுங்கியிருக்கும். சங்கத்தில் இருந்தமையால் அது தப்பியது.

இம்முறையின் வலிமை எளிய கணக்கிலேயே அடங்கியுள்ளது. அக்காலத்து ஆங்கில நாணயத்தில் 12 பென்சு ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். ஒரு குடும்பம் வாரம் ஒரு ஷில்லிங் கட்டினால், 50 வாரங்களில் 50 ஷில்லிங், அதாவது இரண்டரைப் பவுன் சேரும். ஆலையில் வேலை செய்யும் மகள் தன் கைச்செலவிலிருந்து வாரம் 6 பென்சு கட்டினால், மேலும் 25 ஷில்லிங் சேரும். ஒரே வாரத்தில் இத்தொகையை எடுத்து வைக்குமாறு கேட்டால் அக்குடும்பம் திகைத்துப் போகும். ஐம்பது வாரங்களுக்குப் பகிர்ந்தபோது அதே சுமை தாங்கத்தக்கதாயிற்று.

சேர்ப்பதில் காட்டிய கருத்தைச் செலவிடுவதிலும் அவர்கள் காட்டினர். பிளாக்பூலில் பெரிய உணவு விடுதிகளை அவர்கள் நாடவில்லை. சிறு விடுதிகளில் படுக்கைக்கு மட்டும் வாடகை தந்து தங்கினர். உணவுப் பொருள்களைத் தாமே வாங்கிக் கொடுக்க, விடுதித் தலைவி சமைத்துத் தந்தாள். சிலர் தகரப் பெட்டியில் வீட்டிலிருந்தே உணவுப் பொருள்களைக் கொண்டு சென்றனர். இம்முறையால் செலவு குறைந்தது. அதனினும் பெரிய பயன் ஒன்றும் விளைந்தது. ஆண்டு முழுதும் அடுப்பருகே நின்ற தாய்க்கு அந்த ஒரு வாரமேனும் சமையலிலிருந்து ஓய்வு கிட்டியது.

சேமிப்புக்கு மற்றொரு துணையும் இருந்தது. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ராச்டேலில் 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையைத் திறந்தனர். நேர்மையான எடை, தூய பொருள், ரொக்க விற்பனை ஆகியவை அதன் நெறிகள். கிடைத்த இலாபத்தை, ஒவ்வோர் உறுப்பினரும் வாங்கிய பொருளின் அளவுக்கேற்பப் பங்கிட்டுத் தந்தனர். அதனால், மளிகை வாங்கும்போதே குடும்பத்திற்குச் சிறு சேமிப்பும் வளர்ந்தது. 1904ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கப்பெற்ற கூட்டுறவுப் பண்டகசாலையும் ராச்டேல் முன்னோடிகள் காட்டிய வழியில் எழுந்ததே.

லங்காஷயர்த் தாய்மாரின் கணக்கில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ரயில் கட்டணம், விடுதி வாடகை, உணவு, பிள்ளைகளின் கேளிக்கை ஆகியவற்றோடு அவர்கள் கணக்கை முடிக்கவில்லை. விடுமுறையில் இருந்தாலும் சொந்த ஊரின் வீட்டு வாடகை நிற்காது. திரும்பிய பின்னரும், ஒரு வாரம் உழைத்த பிறகே ஊதியம் கைக்கு வரும். ஆகவே திரும்பி வந்த வாரத்தின் அரிசிக்கும் அடுப்புக்கும் ஒப்பான செலவையும் முன்கூட்டியே எடுத்து வைத்தவரே முழுக் கணக்கு அறிந்தவர். அதனை மறந்தவர் கடற்கரையிலிருந்து நேரே அடகுக் கடைக்குச் செல்ல நேர்ந்தது.

இம்முறைக்குக் குறையும் இல்லாமல் இல்லை. வேலையற்றவரும், நோயுற்றவரும், சிறு குழந்தைகள் பலரைக் கொண்ட குடும்பத்தாரும் ஒரு ஷில்லிங்கையும் எடுத்து வைக்க இயலாமல், ஊர் வெறிச்சோடிய வாரத்தில் வீட்டிலேயே இருந்தனர். சேமித்த குடும்பங்களிலும், குறைத்த பங்கு பெரும்பாலும் தாயின் தட்டிலிருந்தே குறைந்தது. சிக்கனம் சிறந்ததாயினும், உழைப்பவர்க்கு ஓய்வும் ஊதியமும் தருவது சமுதாயத்தின் கடமை என்பதை இது உணர்த்திற்று. 1938ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கு வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அவ்வுரிமை பரவலாயிற்று. பின்னாளில் ஆலைகள் மூடப்பட, வேக்ஸ் வாரமும் வழக்கொழிந்தது. ஆயினும் அவர்கள் கையாண்ட முறை பழமைப்பட்டுவிடவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான வழக்கம் உண்டு. தீபாவளிச் சீட்டுக் கட்டி, பலகாரத்திற்கும் புத்தாடைக்கும் ஆண்டு முழுதும் பணம் சேர்க்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சேர்க்கும் பணம் நம்பத்தக்க இடத்தில் இருத்தல் வேண்டும் என்பது மட்டும் நினைவில் நிற்க வேண்டும். 1882ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி இயங்கி வருகிறது. வங்கிகளிலும் மாதந்தோறும் சிறு தொகை கட்டும் தொடர் வைப்பு முறை உண்டு. யாரென்று அறியாதார் கையில் கொடுத்து ஏமாறுவதற்கு இன்று தேவையே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். நால்வர் அடங்கிய குடும்பம் ஒன்று, அடுத்த கோடை விடுமுறையில் தொலைவிலுள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குச் செல்ல விரும்புகிறது. பயணத்திற்கு ரூ. 5,000, தங்குவதற்கு ரூ. 3,000, நுழைவுக் கட்டணத்திற்கு ரூ. 5,000, உணவுக்கு ரூ. 2,500, சிறு செலவுகளுக்கு ரூ. 1,000, எதிர்பாராத செலவுக்கு ரூ. 1,500 என மதிப்பிட்டால், மொத்தம் ரூ. 18,000 ஆகும். இத்தொகை முதலில் மலைப்பைத் தரும். இதனை 50 வாரங்களுக்குப் பகுத்தால் வாரத்திற்கு ரூ. 360 ஆகிறது.

இந்த ரூ. 360 எங்கிருந்து வரும்? அதனைக் கண்டறிய ஒரு மாதம் வீட்டுச் செலவு முழுவதையும் நாள்தோறும் குறித்து வருதல் வேண்டும். கடையில் வாங்கும் நொறுக்குத் தீனி, ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறி, நடந்து செல்லத்தக்க தொலைவுக்கும் அமர்த்தும் ஆட்டோ, பார்க்கப்படாத தொலைக்காட்சிச் சேவைகளுக்குக் கட்டும் சந்தா ஆகியவை எழுதிப் பார்த்தபோதே கண்ணுக்குப் புலனாகும். இவற்றைக் குறைத்தால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் பாலையும் காய்கறியையும் மருந்தையும் குறைத்துப் பூங்காவுக்குச் செல்வது சிக்கனம் ஆகாது. ஒருவரே தம் பங்கைக் குறைத்துக்கொள்ள மற்றவர் மகிழ்வதும் முறையன்று. கணக்கேட்டைக் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து பார்த்தால், பிள்ளைகளும் தம் பங்கைத் தாமே விட்டுக்கொடுக்க முன்வருவர்.

அவ்வாறு கண்டறிந்த தொகையை மாத இறுதி வரை காத்திராமல், ஊதியம் வந்த அன்றே தனியே எடுத்து வைத்தல் வேண்டும். ஒரு வாரம் கட்டத் தவறினால் மனம் தளராமல், அடுத்த வாரங்களில் சிறிது சிறிதாக ஈடுசெய்யலாம். அதுவும் இயலாவிட்டால் பயணத்தை இரண்டு நாளிலிருந்து ஒரு நாளாகச் சுருக்கலாம். அண்மையிலுள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கணக்குக்கு ஏற்பப் பயணத்தை அமைத்துக்கொள்வதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

வருவாயின் அளவறிந்து செலவிடுதலைத் திருவள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் வைத்து உரைத்தார். தன் படையின் வலிமையை அறியாது போருக்குச் செல்லும் அரசனைப் போன்றவரே, தம் பொருளின் அளவை அறியாது செலவிடுவோரும். சிக்கனம் என்பது மகிழ்ச்சியை மறுப்பதன்று. மகிழ்ச்சிக்கும் கணக்கில் ஓர் இடம் தந்து, அதனைக் காத்து வைப்பதாகும். வாடகைக்கும் நிலக்கரிக்கும் அடுத்து 'விடுமுறை' என்று ஒரு பங்கை ஒதுக்கிய ஆலைத் தொழிலாளர், இதனை நூல்களிற் கற்கவில்லை, வாழ்க்கையிற் கற்றனர். ஐம்பது வாரம் பொறுத்து ஈட்டிய அந்த ஒரு வாரத்தில் அவர்கள் கடற்காற்றை நெஞ்சார நுகர்ந்தனர். வீடு திரும்பியபோது அவர்கள் வாயிலில் கடன்காரர் எவரும் காத்து நிற்கவில்லை.